ஒரு விசேஷமும் இல்லாமல் ஊர் சுற்றுவது

சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் தைலம் கொண்டு வருவார்கள், சாக்லேட் கொண்டு வருவார்கள். என் பவுனு அத்தை ஒரு தொப்பி கொண்டு வந்தாள். வெளிர் நீலத்தில், சுற்றிலும் விளிம்பு மடிந்த துணித் தொப்பி. அதைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தபோது, அழைக்கப் போயிருந்த மாமா அடையாளம் தெரியாமல் வேறு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

பவுனு அத்தை என் அப்பாவின் அக்கா. குன்னத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தை நடத்தி ஓய்வு பெற்றவள். சிங்கப்பூருக்குப் போனது மகளின் பிரசவத்துக்கு. அங்கே அவள் பார்த்த இடங்கள்: அடுக்களை, குளியலறை, தொட்டில், லிப்ட். பார்த்த மனுஷி ஒருத்தி, எதிர்வீட்டுச் சீனக் கிழவி. அந்தக் கிழவி தினமும் காலையில் தொப்பி போட்டு, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அத்தைக்குத் தாங்கவில்லை. "எங்க போவுதுன்னு கேளுடி" என்று மகளை நச்சரித்தாள்.

மகள் ஆங்கிலத்தில் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னாள். "எங்கேயும் இல்லையாம்மா. பஸ் எதுவரைக்கும் போகுமோ அதுவரைக்கும் போவாங்களாம். அப்புறம் திரும்பி வந்துடுவாங்களாம்."

"யாரு வூட்டுலயாச்சும் விசேஷமா இருக்கும். நல்லா கேளு."

மறுபடியும் கேட்டாள். விசேஷம் இல்லை. ஊருக்குக் கிளம்பும் அன்று அந்தக் கிழவிதான் தன் தொப்பிகளில் ஒன்றை அத்தைக்குக் கொடுத்தாளாம்.

ஊருக்கு வந்த அத்தை கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, ஆஸ்பத்திரி, சாவு, குலசாமிக்குப் பொங்கல் என்று இத்தனை வயதுக்குள் எத்தனையோ ஊருக்குப் போயாயிற்று. ஒன்றுமே இல்லாமல் ஒரு ஊருக்குப் போனதில்லை. சிங்கப்பூரே பிரசவத்துக்குத்தான். ஆகையால் ஒரே ஒரு தடவை, ஒரு விசேஷமும் இல்லாமல் எங்கேயாவது போய்விட்டு வர வேண்டும். ஆசை அவ்வளவுதான். மாசியில் மகள் வேலைக்குத் திரும்புகிறாள்; குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தை மறுபடியும் சிங்கப்பூர் போயாக வேண்டும். எப்போது திரும்புவாள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் நடந்தால்தான் உண்டு.

மாமாவிடம் சொன்னபோது அவர் பேப்பரை மடித்து வைத்தார். நிலைமை தீவிரம் என்று அதற்கு அர்த்தம்.

"ஒண்ணுமில்லாம ஒரு பொம்பள ஊரு ஊரா சுத்துனா பாக்கறவன் என்ன நெனைப்பான்? புருசன்கிட்ட சண்ட போட்டுட்டு வந்துடுச்சின்னு நெனைப்பான்."

"நெனைக்கட்டும். போடாத சண்டையா?" என்றாள் அத்தை.

பொங்கல் முடிந்த கையோடு வசதி கூடிவந்தது. அத்தையின் மருமகள் சுதா அக்கா பெரம்பலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள்; பொங்கல் ஆர்டரெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு மூன்று நாள் கடையைச் சாத்தினாள். அத்தான் வாங்கிப் போட்டிருந்த பழைய கார் சும்மா நின்றது. சுதா அக்கா ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கியிருந்தாள். முன்னால் நன்றாகப் போவாள். பின்னால் எடுப்பதற்கு மட்டும் கொஞ்சம் யோசிப்பாள். நான் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு, போனில் வரைபடத்தைத் திறந்து, பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்தையும் கரைத்துக் குடித்துவிட்டேன். கோட்டை, கல்மரம், கொள்ளிடம். நாளைக்கு ஒன்று.

கிளம்பும்போது அத்தை சட்டம் போட்டாள். "யாரு வூட்டுக்கும் போவக் கூடாது. யாருக்கும் எதுவும் வாங்கக் கூடாது. வேண்டுதல் கெடையாது. போறோம், பாக்குறோம், திங்குறோம், வரோம்."

"அத்தை, இதைத்தான் டூர்னு சொல்லுவாங்க" என்றேன்.

"பேரு எதுவா இருந்தா என்னாடி. வண்டிய எடு."

முதல் நாள் ரஞ்சன்குடிக் கோட்டை. தக்காளி சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவித்த கடலை, சிங்கப்பூர் பாட்டிலில் நம் ஊர்த் தண்ணீர். நெடுஞ்சாலையில் சென்னை போகும் பஸ்கள் எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனதைத் தவிர வழியில் சம்பவம் எதுவும் இல்லை. அத்தை ஒவ்வொரு பஸ்ஸுக்கும் "போடா போ, உனக்கு அவசரம், எனக்கு ஒண்ணுமில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கோட்டையில் ஏறிப் பார்த்தால் கீழே வயல், அதற்கப்பால் சாலை, அதற்கப்பால் மறுபடியும் வயல். அத்தை மதில்மேல் கைவைத்து நின்றாள். தலையில் மல்லிகைப்பூ, அதற்குமேல் தொப்பி. நான் சரித்திரம் சொல்ல ஆரம்பித்தேன். யார் கட்டியது, யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் முந்தின நாள் படித்து வைத்திருந்தேன்.

"செத்த சும்மா இருடி. காத்து வருது" என்றாள் அத்தை.

காற்று வந்தது. அதைக் கொஞ்ச நேரம்தான் அனுபவித்திருப்போம். மதிலுக்குக் கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி கண்ணுக்கு மேலே கையை வைத்து மேலே பார்த்தாள்.

"யக்கா! சத்துணவு அக்காவா? தொப்பியப் பாத்துட்டு யாரோ படம் புடிக்க வந்துட்டாங்கன்னு நெனச்சேன்!"

ஒரு காலத்தில் அத்தையோடு சத்துணவுக் கூடத்தில் சமைத்தவளாம். பேர் செல்வி. ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிட்டாள்.

"என்ன விசேஷம்க்கா, இம்மாம் தூரம்?"

"ஒண்ணுமில்ல செல்வி. சும்மா வந்தோம்."

செல்வி என்னைப் பார்த்தாள், சுதா அக்காவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "வூட்டுல எதும் பிரச்சனையாக்கா?"

"அடிப்போடி. கோட்டைய பாக்கத்தான் வந்தோம்."

"இந்தக் கோட்டையவா?" செல்வி திரும்பி ஒருமுறை கோட்டையை நன்றாகப் பார்த்தாள். அத்தனை வருஷமாக ஆட்டுக்கு நிழல் கொடுக்கும் சுவர் அது. சட்டென்று அவளுக்கு விளங்கிவிட்டது, கண் கலங்கிவிட்டது. "அவருக்குக் குடலெறக்கம் ஆபரேஷன் பண்ணது தெரிஞ்சிதான் வந்திருக்கீங்க. சொல்ல மாட்டேங்கறீங்களே! உங்க மனசு யாருக்குக்கா வரும்?"

இதற்குப் பிறகு கோட்டையைத்தான் பார்க்க வந்தோம் என்று அடித்துச் சொல்ல எந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரும்? அத்தை தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். சுதா அக்கா கடைக்கு ஓடி ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வாங்கி வந்தாள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது. செல்வியின் வீட்டில் எங்கள் தக்காளி சாதத்தை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். செல்வியின் கணவர் வெட்கப்படாமல் சட்டையைத் தூக்கித் தையலைக் காட்டினார். டாக்டர் என்ன சொன்னார், நர்ஸ் என்ன சொன்னாள், பக்கத்துக் கட்டில்காரன் எப்படி இருமினான் என்று வரிசையாகச் சொன்னார். தையல்காரி என்ற முறையில் சுதா அக்காவின் அபிப்பிராயத்தையும் கேட்டார். அவள் தையல் நேராக இருப்பதாகச் சொன்னாள்.

சாயங்காலம் மாமா வாசலிலேயே கேட்டார். "கோட்டை எப்படி?"

"நல்லா ஆறிடுச்சி" என்றாள் அத்தை. உள்ளே போய்விட்டாள்.

இரண்டாம் நாள் சாத்தனூர் கல்மரம். இந்த முறை தெரிந்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை என்று அத்தை முந்தின இரவே ஊர் ஊராக யோசித்து உறுதி செய்திருந்தாள். பிரச்சினை மனிதர்கள் வடிவில் வரவில்லை. கொள்ளுக்கொடி வடிவில் வந்தது.

எங்கள் பக்கத்தில் அறுத்த கொள்ளைக் கொடியோடு தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ், லாரி எல்லாம் மேலே ஏறிப் போனால் காய் வெடித்துக் கொள்ளு தனியாகப் பிரிந்துவிடும். தனியாகக் களம் தேவையில்லை, மாடு தேவையில்லை. அரசாங்கத்தின் ரோடு, அடுத்தவன் டீசல். சுதா அக்கா புது டிரைவர். விளைந்த பொருள்மேல் சக்கரத்தை ஏற்றுவதா என்று வண்டியை நிறுத்திவிட்டாள். ஓரத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார்.

"ஏம்மா நிறுத்திட்டே? ஏத்து, ஏத்து. காலையிலேருந்து வண்டியே வரல."

ஏற்றினாள். சடசடவென்று கீழே காய் வெடித்தது. அத்தை சன்னல் வழியாகத் தலையை நீட்டி அதைக் கேட்டாள். அந்தப் புறத்துக்குப் போனதும் அந்த அம்மா மறுபடியும் கையைக் காட்டினார். "கொஞ்சம் திருப்பிக்கிட்டு வந்துடு தாயி. எடது பக்கம் சரியா மிதிபடல."

"அவசரமா போறோம்ங்க" என்றேன் நான்.

"அப்படியா? என்ன விசேஷம்?"

விசேஷம் இல்லாதவர்களுக்கு அவசரம் எப்படி இருக்க முடியும்? சுதா அக்கா வண்டியைத் திருப்பினாள். இடது பக்கம் மிதித்தோம். வலது பக்கம் மிதித்தோம். பின்னால் எடுக்கத் தயங்கும் சுதா அக்கா அன்றைக்கு அந்தக் கொள்ளுமேல் ரிவர்ஸ் முழுசாகக் கற்றுக்கொண்டாள். நடுவில் அத்தை இறங்கிக் கொடியைக் கோலால் புரட்டிப் போட ஆரம்பித்துவிட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தொப்பியோடு.

"தொப்பி நல்லாருக்கே, வெயிலுக்கு. எங்க வாங்குனே?" என்று அந்த அம்மா கேட்டார்.

"சிங்கப்பூர்ல."

"சிங்கப்பூர்லயும் கொள்ளு போடுறாங்களா?"

நன்றி சொல்லி, மடி நிறையக் கொள்ளு கொடுத்து வழியனுப்பினார். கொஞ்ச தூரத்தில் கருகல் வாடை வந்தது. முன்சக்கரத்து அச்சில் கொள்ளுக்கொடி கயிறுபோல் சுற்றி இறுகியிருந்தது. பஞ்சர் கடைக்காரர் ஒருவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு முழம் முழமாக உருவிப் போட்டார். "கொள்ளு அடிச்சிங்களா? சொந்தக் கொள்ளா?" என்று அடியிலிருந்து கேட்டார். இல்லை என்றோம். "அப்ப என்னாத்துக்கு?" என்றார். பக்கத்து டீக்கடையில் மசால்வடை சூடாக இருந்தது. நான் மூன்று தின்றேன். நாள் முழுக்க நடந்தவற்றில் திட்டமிட்டபடி நடந்தது அது ஒன்றுதான்.

கல்மரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. வேலிக்குள் மரம் நீளமாகப் படுத்திருந்தது. பல கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது, அதில் விழுந்து மண்ணுக்குள் புதைந்த மரம் கல்லாக மாறியது என்று நான் விளக்கினேன்.

"கடலு இருந்துச்சா? அதான் நம்ம ஊரு போர்ல தண்ணி இம்மாம் உப்பு" என்று அத்தை அதை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பாருடி கயலு. கல்லா போனதுக்கு அப்புறந்தான் அதை நிம்மதியா படுக்க வுட்டிருக்காங்க. மரமாவே இருந்தா இந்நேரம் யாரு வூட்டு வாசலுக்கு நெலையோ."

வீட்டில் மாமா கொள்ளைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "பரவால்ல, ஒரு வேலையாதான் போயிருக்கீங்க. மெதுவா ரசம் வையி."

அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கு ரசம் வைத்தது சுதா அக்கா. நாளை மறுநாள் கடை திறந்துவிடுவாள். என் லீவும் முடிகிறது. படுக்கும்போது அத்தை என்னிடம், "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு, இல்ல?" என்று மட்டும் கேட்டாள். கோயில் திருவிழாவுக்குக் காத்திருக்கும் சின்னப்பிள்ளைக் குரல் அது.

மூன்றாம் நாள் திருமழபாடி. கோயிலைச் சுற்றிப் பார்ப்பது, கொள்ளிடத்து மணலில் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிடுவது. வேண்டுதல் இல்லை, சும்மா சாமி பார்ப்பதுதான் என்று சாமியிடமே சொல்லிவிடுவதாக அத்தை ஏற்பாடு. மாற்றுப் புடவையும் எடுத்துக்கொண்டாள், ஆற்றில் காலை நனைத்தால் வேண்டியிருக்கும் என்று.

அரியலூரைத் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே போனோம். வெள்ளைத் தூசியில் காரின் நிறமே மாறிவிட்டது. "இதையெல்லாம் கழுவுறது யாரு?" என்று சுதா அக்கா புலம்பினாள். லாரிகள் குறைந்து பச்சை தெரிய ஆரம்பித்தது. அத்தை தொப்பியைப் போட்டுக்கொண்டாள். இன்னும் கொஞ்ச தூரத்தில் திருமானூர். அப்போது போன் அடித்தது. மாமா.

"எடுக்காதடி" என்றாள் அத்தை.

சுதா அக்காவின் போன் காரோடு இணைந்திருந்தது. அதை நிறுத்தப் போன நான் தப்பான பொத்தானை அழுத்திவிட்டேன். மாமாவின் குரல் காரின் நான்கு மூலையிலிருந்தும் கிளம்பியது.

"பவுனு! எங்க பெரியப்பா மவனோட சம்பந்தி தவறிட்டாராம்! கேக்குதா?"

அத்தை உதட்டில் விரலை வைத்து எங்கள் இருவரையும் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால் போயாக வேண்டும். விழாதவரைக்கும் குற்றமில்லை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஏன் யாரும் பேசல? கேக்குதா இல்லியா?"

"கேக்குதுங்க மாமா" என்றாள் சுதா அக்கா. மாமனார் இரண்டு தடவை கேட்டு அவள் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை.

"திருமானூருக்கு முன்னாடிதான் அவங்க ஊரு. நீங்க அந்தப் பக்கந்தான் போறீங்க. எனக்கு முட்டி வலி. வூட்டு சார்பா ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுங்க. பாத்துட்டு நேரா வூடு வந்து சேருங்க. கோயிலு கீயிலுன்னு போயிடப் போறீங்க!" போனை வைத்துவிட்டார்.

"கேக்கலன்னு சொல்லக் கூடாதாடி?" என்றாள் அத்தை.

"கேக்கலன்னு எப்படி அத்தை பதில் சொல்றது?"

அத்தைக்குக் கோபப்படவும் வழியில்லை. தொப்பி பைக்குள் போனது. தலைப்பூவும் போனது. வழியில் ஒரு மாலை வாங்கிக்கொண்டோம்.

போனவர் நிறைவாக வாழ்ந்தவர், பேரன் பேத்திக்கெல்லாம் கல்யாணம் பார்த்தவர். வாசலில் பந்தல், கொட்டு, வெடி. மாலையைப் போட்டோம். உள்ளே பெண்கள் வட்டமாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அத்தையைக் கண்டதும் வட்டம் திறந்து உள்ளே இழுத்துக்கொண்டது. அத்தை அழுதாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த மனிதரை அவள் இரண்டு கல்யாணத்தில் பார்த்திருந்தால் அதிகம். ஆனாலும் குரல் எடுத்து, அவர் குணம், கொடை, நடை எல்லாவற்றையும் பாட்டில் வைத்து அழுதாள். மூன்று நாள் கோபமும் அந்தப் பாட்டுக்குள் போயிருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் புதிதாக அழ ஆரம்பித்தார்கள்.

மூச்சு வாங்கின இடைவெளியில் பக்கத்துத் தோள்காரி மெதுவாகக் கேட்டாள். "மருமவ காரு ஓட்டுறாளாமே?"

"ஆமாக்கா. இங்கதான் நிக்கிறா."

"நல்லாருக்கட்டும்." இருவரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து வந்து காரில் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு வேறு யார் வீட்டுக்கும் போகக் கூடாது, கோயிலுக்குப் போகக் கூடாது. நேராக வீட்டுக்குப் போய்க் கொல்லை வழியாக நுழைந்து தலை முழுகிவிட்டுத்தான் மற்றது. சுதா அக்கா முந்தின நாள் கற்ற ரிவர்ஸில் அழகாக வண்டியை எடுத்தாள். ரோட்டுக்கு வந்ததும் நிறுத்தினாள். வலது பக்கம் போனால் அரியலூர், வீடு. இடது பக்கம் திருமழபாடி.

"வூட்டுக்கே திருப்பட்டுமா அத்தை?" அவள் குரலே சரியில்லை.

அத்தை இடது பக்கத்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாரித் தூசி படிந்த கண்ணாடியில் அந்த ரோடு மங்கலாகத் தெரிந்தது. என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எலுமிச்சை சாதத்து டப்பாவைப் பார்த்துக்கொண்டேன்.

"கயலு, மாமாவுக்குப் போனைப் போடு" என்றாள்.

போட்டேன். காரின் நான்கு மூலையிலும் மாமா.

"ஏங்க, தலை முழுவாம வூட்டுக்குள்ள வரலாமா?" அத்தையின் குரலில் அப்படியொரு பணிவு.

"அதெப்படி வரலாம்? கூடாது."

"முழுவுறவரைக்கும் தீட்டுதானே?"

"தீட்டுதான். இது தெரியாதா உனக்கு?"

"இல்ல, இங்கேருந்து நம்ம ஊரு வரைக்கும் தீட்டோட இந்தக் காருல உக்காந்து வரணுமே. நம்ம புள்ள ஆசையா வாங்குன காரு. அதான் கேட்டேன்."

மறுமுனையில் மாமா யோசிப்பது கேட்டது.

"சரி, நீங்களே சொல்லுங்க. போர்த் தண்ணியில முழுவுறது ஒசத்தியா, ஆத்துத் தண்ணியில முழுவுறது ஒசத்தியா?"

மாமா சம்பிரதாயம் தெரிந்தவர். தெரிந்ததை மறைத்துப் பேசும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. "ஆறுதான் ஒசத்தி" என்றார்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று என்னிடம் சாடையில் கேட்டு, அதைத் தன் விரலாலேயே அழுத்தினாள். "சுதா, எடது பக்கம்."

கொள்ளிடம் தை மாதத்தில் ஆறு மாதிரி இருக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அதில் ஒரு பக்கமாக முழங்கால் ஆழத்தில் ஒரு ஓடை. தண்ணீர் அடியில் மணல் வரிவரியாகத் தெரியும். கோயில் இருந்த திசையைப் பார்த்து அத்தை தூரத்திலிருந்தே, "இன்னிக்கி வரக் கூடாது. அவுரு எங்க போயிடப் போறாரு" என்று சொல்லிவிட்டு மணலில் இறங்கினாள். அத்தனை நேரம் காரில் கால் நீட்டி உட்கார்ந்தவள், சுடுமணலில் எங்களுக்கு முன்னால் போய்விட்டாள்.

ஓடையில் ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் நிமிர்ந்தாள். "எங்கேருந்து வரீங்க? என்ன விசேஷம்?"

"சாவு வூட்டுக்கு வந்தோம்" என்றாள் அத்தை.

"அப்படியா. முழுவுங்க, முழுவுங்க. மெதுவா முழுவுங்க." அவள் தன் துணிகளை எங்களுக்குக் கீழ்ப்பக்கமாக நகர்த்திக்கொண்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று நாளில் எங்களைப் புரிந்துகொண்ட முதல் மனுஷி.

அத்தை முதலில் முறைப்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முழுகினாள். எழுந்து முடியைப் பிழிந்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, கையைப் பின்னால் ஊன்றி, கடைசியில் கையையும் எடுத்துவிட்டு மல்லாந்து படுத்துவிட்டாள். தண்ணீர் காதுவரைக்கும் வந்தது. நரைமுடி அவிழ்ந்து ஓடை போகும் திசையில் நீண்டது. புடவை காற்றில் உப்பி மெல்ல அமுங்கியது. கண்ணை மூடியிருந்தாள். நானும் சுதா அக்காவும் முழுகிவிட்டு அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். சின்னச் சின்ன மீன்கள் வந்து கால்விரலைக் கடித்தன. கோட்டை பற்றியும் கடல் பற்றியும் சொன்னதுபோல் கொள்ளிடம் பற்றிச் சொல்ல என்னிடம் ஏராளமாக இருந்தது. சொல்லவில்லை.

வெயில் முதுகிலிருந்து கன்னத்துக்கு வந்தது. துணி அலசிய பெண் முடித்துக்கொண்டு போய்விட்டாள். சுதா அக்கா ஓடையில் உட்கார்ந்தபடியே எலுமிச்சை சாதத்தில் பாதியைத் தின்று முடித்தாள். அத்தைக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டாள், படுத்தவாறே வாங்கிக்கொண்டாள்.

"அத்தை, தீட்டு போயிருக்குங்க. எழுந்திருக்கலாமா?"

"அது மொத முழுக்குலயே போயிடுச்சிடி" என்றாள் அத்தை, கண்ணைத் திறக்காமல்.

கரையில் பைக்குள்ளிருந்து போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்து வந்து அவள் காதருகில் பிடித்தேன்.

"என்னா பவுனு, தலை முழுவியாச்சா?"

"முழுவிக்கிட்டே இருக்கேங்க."

"இன்னுமா? அவுரு நமக்குத் தூரத்துச் சொந்தந்தான்டி!"

"தூரத்துச் சொந்தம்னு அரைகொறையா முழுவ முடியுங்களா? நேரமாவும். நீங்க சோறு வடிச்சி வையுங்க."

மாமா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைக்குக் கேட்டிருக்காது. அவள் காது ஏற்கெனவே தண்ணீருக்குள் போயிருந்தது.